தேஷ்யம் என்றொரு மெட்டு

பர்பேங்க், கலிபோர்னியா
6 மார்ச் 2023

அன்புத் தங்கை ஷீஜாவுக்கு,

நீயும் சுனிலும் நலமா? லிஷா பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒழுங்காகப் படிக்கிறாளா? நான் நலம். இடது தோளில் பழைய வலி உண்டு. பியானோ முன்னால் கூனிக் கூனி உட்கார்ந்து வந்தது, இனி போகாது.

மூன்று வாரமாக நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸாப்பில் அனுப்பியதற்கும் பதில் இல்லை. உன் வீட்டுக்காரரிடம் கேட்டால், "திருவிழா சீசன் மதினி, தினமும் கானமேளைக் கச்சேரி, அவளுக்குத் தலை தூக்க நேரமில்ல" என்கிறார். தபால்காரர் கொண்டுவந்து தந்தால் வாங்கித்தானே ஆகவேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் ஒரு வழக்கில் இறங்கப் போகிறேன். இங்கே என் வேலை என்ன என்று முதலிலிருந்து எழுதித் தரும்படி வக்கீல் லின் பார்க்கர் கேட்டாள். எழுதிப் பார்த்தபோது எனக்கே யாருடைய கதையையோ வாசிப்பதுபோல் இருந்தது. இருபத்துநான்கு வயதில் பாஸ்டனுக்கு இசை படிக்க வந்தேன். படிப்பு முடிந்ததும் கடை விளம்பரங்களுக்கு இருபது விநாடி மெட்டுகள். பிறகு நாஷ்வில்லில் மூன்று வருடம், அந்த ஊர்ப் பாடகர்களுக்குப் பாட்டெழுதினேன். கணவன் லாரியோடு போய்விட்ட மறுநாள் ஒருத்தி தன் சமையலறைக்குப் பச்சை பெயின்ட் அடிக்கிற பாட்டு ஒன்று, ஒரு கோடை முழுவதும் ரேடியோவில் ஓடிற்று. அதை எழுதியவள் பாறசாலைக்காரி என்று கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் படங்களுக்கு இசையமைக்கும் க்ளைட் ஹாரோவர் என்னைக் கூப்பிட்டார். பன்னிரண்டு வருடமாக அவருடைய ஸ்டுடியோவில் இருக்கிறேன். அவர் பெயரில் வந்த பதினேழு படங்களில் எத்தனை மணி நேர இசை என்னுடையது என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கடைசியாகச் செய்தது, கடலில் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் படம். அதன் முக்கிய மெட்டு முழுக்க என் கையிலிருந்து போனது. போன மாதம் அதற்காக ஹாரோவருக்கு விருது கொடுத்தார்கள். மேடையில் மனைவிக்கும் நாய்க்கும் நன்றி சொன்னார். என் பெயர் படத்தின் கடைசியில், சாப்பாடு கொண்டுவந்த கம்பெனிக்குச் சற்று மேலே, 'கூடுதல் இசை' என்று ஓடுகிறது.

இனி பொறுக்கமாட்டேன் ஷீஜா. என் பெயரை வாங்காமல் விடுவதில்லை. நீ என் பக்கம் இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா மரகதவல்லி


பாறசாலை
29 மார்ச் 2023

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாருக்கும் சுகம். இன்றோடு லிஷாவின் பரீட்சை முடிந்தது. உன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

சீசன் முடிய இன்னும் ஒரு மாதம் உண்டு. நேற்று அம்பூரியில் கானமேளை, நாளை உதியன்குளங்கரை. வெயில் கடுமை.

அந்த மெட்டை நீ எப்போது போட்டாய் என்று எழுது.

ஷீஜா


பர்பேங்க்
18 ஏப்ரல் 2023

அன்புள்ள ஷீஜாவுக்கு,

உன் கடிதம் ஐந்து வரி என்றாலும் கண்டதும் நிம்மதி. ஒத்தடம் கொடுத்தேன், கொஞ்சம் கேட்கிறது. லிஷாவுக்கு என் முத்தம்.

ஹாரோவரின் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்துவிட்டேன். சாவியை அவர் மேசைமேல் வைத்தபோது அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "வல்லி, அடுத்த படத்தில் உன் பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறேன்" என்றார். "இந்தப் படத்தில் போடுங்கள்" என்றேன். "அது முடிந்துபோன விஷயம்" என்றார். "எனக்கு முடியவில்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மறுநாளே புகார் கொடுத்தாகிவிட்டது. படக் கம்பெனியும் ஹாரோவரும் நானும் ஒரு மத்தியஸ்தர் முன்னால் உட்கார வேண்டும். ஓய்வுபெற்ற பெண் நீதிபதி, இசை தெரிந்தவராம்.

மெட்டு எப்போது போட்டாய் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு நாளும் நேரமும் சொல்ல முடியுமா? ஒரு மத்தியானம் பியானோ முன்னால் உட்கார்ந்தேன், கை தானாகப் போயிற்று. உனக்கும் அப்படித்தானே வரும்.

சுனிலையும் லிஷாவையும் விசாரித்ததாகச் சொல். அடுத்த கடிதம் ஐந்து வரிக்குமேல் இருக்கட்டும்.

உன்
அக்கா


பர்பேங்க்
20 ஜூன் 2023

ஷீஜாவுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இரண்டு மாதம் ஆயிற்று. மழை தொடங்கியிருக்கும், மேடை எதுவும் இருக்காது. ஒரு கடிதம் எழுத உனக்கு நேரம் இல்லை என்று நான் நம்பவேண்டுமா? லிஷா பாஸாகிவிட்டாள் என்பதைக்கூட அவளுடைய ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என்மேல் என்ன கோபம் என்று நேராகச் சொல்.

அக்கா


பாறசாலை
9 ஜூலை 2023

மதிப்பிற்குரிய மதினிக்கு,

சுனில்குமார் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், அங்கே மதினியும் நலம் என்று நம்புகிறேன். நான் மலையாளம் மீடியத்தில் படித்தவன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுக்க வேண்டும். ஷீஜாவும் லிஷாவும் பாலராமபுரத்துக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறார்கள். அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டதற்கு அவள் பதில் சொல்லமாட்டாள். நான் சொல்கிறேன்.

பிப்ரவரியில் பெருங்கடவிளைப் பக்கம் ஒரு கோவில் திருவிழா. சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் கானமேளை. நான் வழக்கம்போல் சவுண்டு மிக்சரில் இருந்தேன். பாட்டுக்காரர்கள் மேடைக்கு வருவதற்கு முன்னால் கீபோர்டில் ஐந்து நிமிடம் டைட்டில் மியூசிக் வாசிப்பாள் அல்லவா, அதைத் தொடங்கினாள். பாதியில் கமிட்டிக்காரன் ஒருவன் மேடைக்கு ஏறி வந்தான். பிபின் என்று பேர், துபாயில் இருந்து லீவுக்கு வந்தவன்.

"சேச்சி, நிறுத்துங்க. இங்கிலீஷ் படத்துக்க பாட்ட காப்பியடிச்சிட்டு வந்து நம்ம கோவில்ல வாசிக்கியளா?" என்றான்.

"இது எனக்க பாட்டாக்கும். பதினெட்டு வருஷமாட்டு வாசிக்கேன்" என்றாள் ஷீஜா.

அவன் தன் போனை மைக்குக்கு நேரே பிடித்தான். அந்தப் படத்து மியூசிக் கேட்டது. வேகம் குறைவு, வயலின்காரர்கள் நிறையப் பேர். ஆனால் அதேதான். கூட்டம் சிரித்தது, பின்னால் இருந்து கூவினார்கள். ஷீஜா அதைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினாள். இரண்டரை மணி நேரம் பாக்கிப் பாட்டெல்லாம் ஒரு பிசகில்லாமல் வாசித்து முடித்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அக்கா" என்றாள்.

இரண்டு நாள் கழித்துத் திருவனந்தபுரத்துக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்தோம். எல்லாரும் எழுந்து போன பிறகும் இருந்து கடைசிவரை பெயர்களை வாசித்தாள். உங்கள் பேர் வந்ததும் எழுந்தாள். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அந்த டைட்டில் மியூசிக்கை அவள் வாசிக்கவில்லை.

மதினி, 2011-இல் நீங்கள் லீவில் வந்தபோது செறுவாரக்கோணத்தில் மேடைக்குப் பக்கத்தில் நின்று, "சுனில், ஒரு லைன் தா, நல்லா ரெக்கார்டு பண்ணிட்டுப் போறேன்" என்றீர்கள். நான்தான் மிக்சரில் இருந்து வயர் இழுத்து உங்கள் போனில் குத்தித் தந்தேன். அது இப்போது என்னை உறங்கவிடவில்லை.

அவமரியாதையாக எழுதியிருந்தால் க்ஷமிக்க வேண்டும்.

சுனில்குமார்


பர்பேங்க்
4 ஆகஸ்ட் 2023

அன்புள்ள ஷீஜாவுக்கு,

எல்லாரும் நலமா என்று கேட்கக் கை கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

சுனில் எழுதினார். அவரைக் கோபிக்காதே.

உன் கேள்விக்கு நான் பொய் சொன்னேன். கை தானாகப் போகவில்லை. 2021-இல் அந்தப் படத்துக்கு ஒன்பது மெட்டுகள் கொடுத்தேன், ஒன்பதையும் ஹாரோவர் வேண்டாம் என்றார். பத்தாவதுக்கு ஒரு நாள்தான் இருந்தது. பழைய போனைத் தேடி எடுத்து உன் ஐந்து நிமிடத்தைக் கேட்டேன். வேகத்தைப் பாதியாக்கினேன், கீபோர்டு வாசித்ததைச் செல்லோவுக்குக் கொடுத்தேன், நடுவில் எட்டு வரி இசை நான் சேர்த்தேன். இவ்வளவு மாற்றினால் இது என்னுடையதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹாரோவர் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். பத்து வருடத்தில் முதல் தடவை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பிறகு நாளாக நாளாக, நான்தான் போட்டேன் என்று நிஜமாகவே நம்பத் தொடங்கினேன். இதை நீ நம்பமாட்டாய்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். விசாரணை நவம்பரில். மெட்டு என்னுடையது இல்லை என்று இப்போது தெரிந்தால் ஹாரோவர் ஜெயித்துவிடுவார், மற்ற படங்களில் என் உழைப்பும் அதோடு போய்விடும். வழக்கு முடியட்டும். அதன்பிறகு உனக்குச் சேரவேண்டியதெல்லாம் உனக்கு வரும்படி நான் செய்கிறேன். இது சத்தியம். கொஞ்சம் பொறு.

தலை குனிந்து
அக்கா


பாறசாலை
27 ஆகஸ்ட் 2023

அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். ஓணத்துக்கு லிஷாவுக்குச் செட்டுமுண்டு எடுத்தோம். உன் தோள்வலி எப்படி?

அந்த மெட்டு எப்போது வந்தது என்று நீ சொல்லவில்லை. எனக்கு நாளும் நேரமும் தெரியும், சொல்கிறேன்.

2005, நெய்யாற்றின்கரைக்கு இந்தப் பக்கம் ஒரு கோவில். எங்கள் குழு தொடங்கி ஆறு மாதம். நான் அப்போது கோரஸில் பாடுகிறவள். கீபோர்டு வாசிக்கிறவர் வேறு குழுவில் கூடுதல் கிடைத்தது என்று மேடைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் போய்விட்டார். நான் வாசிக்கிறேன் என்றேன். கமிட்டி செயலாளர் சதாசிவன் சுனிலைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை: "பெண்ணு இருந்து கீபோர்டு வாசிச்சா ஆளு நிக்குமாடே? அவ பாடட்டு, போதும்."

நான் பதில் சொல்லாமல் போய் உட்கார்ந்தேன். சினிமாப் பாட்டு ஒன்றும் அந்த நேரத்தில் கையில் வரவில்லை. வந்தது இதுதான். ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் வந்தது. டிரம்ஸ் எலியா அண்ணன் நாலு நாலாக அடிக்கத் தயாராக இருந்தவர், தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். முடிந்ததும் திரும்பி, "இது எந்து பாட்டா மோளே?" என்று கேட்டார். "தேஷ்யம்" என்றேன். எனக்கு அப்போது கோபத்துக்கு அந்த மலையாள வார்த்தைதான் வந்தது. அதுவே பெயராகிவிட்டது. அன்றைக்கு ஒரு ஆள்கூட எழுந்து போகவில்லை. சதாசிவன் அடுத்த வருடமும் எங்களைத்தான் கூப்பிட்டார்.

நான் கோபத்தில் வாசித்ததை நீ துக்கமாக்கி வைத்திருக்கிறாய். தியேட்டரில் பக்கத்துச் சீட்டுக்காரி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. என் கோபத்தை எடுத்து யாரோ ஒரு பெண்ணுக்கு விதவைக் கோலம் கட்டியிருக்கிறார்களே என்றுதான் தோன்றிற்று.

பொறு என்கிறாய். ஹாரோவர் உன்னிடம் அடுத்த படத்தில் பெயர் போடுகிறேன் என்றாரே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர் சொன்னபோது நீ கதவைச் சாத்திவிட்டு வந்தாய். நானும் அதைத்தான் செய்கிறேன்.

உன் வழக்கு முடிந்த பிறகு இல்லை, அதற்கு முன்னால். எனக்குச் சேரவேண்டியது என்று நீ கொண்டுவருவது எதுவும் எனக்கு வேண்டாம். என் பெயர் வேண்டும். அந்த மெட்டுக்கு நேரே, முதலில், முழுதாக.

இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். 2006 திருவிழாவில் கமிட்டி எடுத்த வீடியோ, மூலையில் தேதி ஓடுகிறது. உன் வக்கீலிடம் காட்டு. அக்டோபருக்குள் காட்டினாய் என்று எனக்குக் கடிதம் வராவிட்டால் இதன் இன்னொரு பிரதி ஹாரோவருக்குப் போகும். விலாசம் லிஷா கண்டுபிடித்துவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷீஜா


பர்பேங்க்
30 செப்டம்பர் 2023

ஷீஜாவுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே.

பென் டிரைவை ஒரு வாரம் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாரோவருக்கு அனுப்புவேன் என்ற உன் மிரட்டலுக்குப் பயந்துதான் அதை லின்னிடம் கொண்டுபோனேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. வீடியோவைப் போட்டேன். அதில் உனக்கு இருபத்தாறு வயது. கையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து வாசிக்கிறாய். நான் ஒரு தடவைகூடக் கூட்டத்தைப் பார்த்து வாசித்ததில்லை.

லின் பார்க்கரிடம் காட்டிவிட்டேன். பார்த்து முடித்ததும் அவள் பென் டிரைவை உருவி மேசைமேல் வைத்தாள். பிறகு, "மெட்டு ஹாரோவருடையது இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். உன்னுடையது இல்லை என்பதற்கும் இதேதான் சாட்சி. நீயே உன் வழக்கைக் கொன்றுவிடுவாய்" என்றாள்.

"மத்தியஸ்தரிடம் கொடு" என்றேன்.

அக்கா


பர்பேங்க்
22 நவம்பர் 2023

அன்புள்ள ஷீஜாவுக்கு,

உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை.

விசாரணை நடந்தது. நீளமான மேசை, ஒரு பக்கம் ஹாரோவரும் அவர் வக்கீலும் கம்பெனியின் மூன்று வக்கீல்களும், மறுபக்கம் நானும் லின்னும். மத்தியஸ்தர் உன் வீடியோவை இரண்டு தடவை போடச் சொன்னார். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு விரலால் மேசையில் ஏழு ஏழாக எண்ணினார். ஹாரோவருக்கு அந்த எண்ணிக்கை பிடிபடவில்லை. அவர் வக்கீலுக்குக் கொண்டாட்டம், என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இது யார்?"

"என் தங்கை ஷீஜா."

"உங்கள் தங்கையின் இசையை அவரிடம் கேட்காமல் எடுத்தீர்கள்."

"ஆமாம்."

"அப்படியென்றால் நீங்கள் ஒரு திருடி."

லின் ஆட்சேபிக்க எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "ஆமாம், திருடினேன்" என்றேன். "திருடிய பொருளை உங்கள் கட்சிக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதற்கு விருது வாங்கிக்கொண்டு, தன் வீட்டுத் தோட்டத்தில் நடக்கும்போது தோன்றியது என்று பேட்டி கொடுத்திருக்கிறார். நான் இங்கே ஒத்துக்கொண்டேன். அவரையும் கேளுங்கள்."

மத்தியஸ்தர் ஹாரோவரைப் பார்த்தார். ஹாரோவர் தண்ணீர் குடித்தார். "தோட்டம் என்று சொன்னது ஒரு பேச்சுக்காக" என்றார். 

தீர்ப்பு இன்னும் வரவில்லை. வந்தாலும் எனக்குச் சாதகமாக இராது என்று லின் சொல்கிறாள். அன்றைக்கு மத்தியானம் வெளியே வந்து ஒரு கடையில் வயிறாரச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

அக்கா


பாறசாலை
14 டிசம்பர் 2023

அக்காவுக்கு,

காய்ச்சல் மாறிற்றா? இங்கே சுகம்.

"திருடினேன்" என்று நீ சொன்ன இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

படக் கம்பெனியிடமிருந்து கூரியரில் ஒரு கட்டு வந்தது. முப்பத்தோரு பக்கம். நெய்யாற்றின்கரையில் பிரசீதா வக்கீலிடம் கொண்டுபோனோம். அவள் முழுக்க வாசித்துவிட்டுச் சொன்னாள்: மத்தியஸ்தர் தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் கம்பெனி என்னோடு தனியாக முடித்துக்கொள்ளப் பார்க்கிறது. பெரிய தொகை தருவார்கள். பதிலுக்கு என் பெயரை எங்கும் போடமாட்டார்கள். நானும் அந்த மெட்டைப் பற்றி எந்த இடத்திலும் வாய் திறக்கக்கூடாது, மேடையில் வாசிக்கவும் கூடாது.

"எனக்க பாட்ட நான் வாசிக்கப்பிடாதா?" என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டா அப்படித்தான். ஆனா சேச்சி, நல்லா ஆலோசிக்கணும். லிஷா படிப்பு, வீட்டுக்க மேல்கூரை, எல்லாம் ஒரே நாள்ல செரியாவும்" என்றாள் பிரசீதா.

சுனில் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆசை இருந்தது, எனக்குத் தெரியும். அதில் தப்பும் இல்லை. ஆனால் அவர் திரும்பி, "நான் கானமேளைக்காரியத்தான் கெட்டினேன். வாய மூடிட்டு இருக்கப்பட்டவள இல்ல" என்றார். சுனில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

முப்பத்தோரு பக்கத்தையும் திருப்பி அனுப்பிவிட்டோம். முதல் பக்கத்தில் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் ஒரு வரி எழுதினேன்: அந்த மெட்டின் பெயர் தேஷ்யம், அதை உண்டாக்கியவள் பெயர் ஷீஜா, இரண்டையும் படத்தில் எழுதுங்கள்.

உன் பெயருக்காக நீ நிற்பதை விட்டுவிடாதே. நீ சேர்த்த அந்த எட்டு வரி நன்றாக இருந்தது. அது உன்னுடையது, அதைக் கேட்டு வாங்கு.

ஷீஜா


பர்பேங்க்
24 ஜனவரி 2024

அன்புள்ள ஷீஜாவுக்கு,

நீயும் சுனிலும் லிஷாவும் சுகம்தானே. காய்ச்சல் போய்விட்டது, தோள் அப்படியே இருக்கிறது.

தீர்ப்பு வந்துவிட்டது. இனிமேல் எங்கே அந்தப் படத்தைப் போட்டாலும் தொடக்கத்திலேயே ஒரு அட்டை வரும்: 'தேஷ்யம்', இசை: ஷீஜா. அதன் கீழே சிறிய எழுத்தில், விரிவாக்கம்: மரகதவல்லி. நேற்று நான் போட்டுப் பார்த்தேன். உன் பெயர் நான்கு விநாடி நிற்கிறது. மற்ற பதினாறு படங்களைப் பற்றி நான் கேட்டது தள்ளுபடி. தங்கையிடம் எடுத்தவளின் வார்த்தையை மற்றவற்றில் எப்படி நம்புவது என்று மத்தியஸ்தர் ஒரே வரியில் எழுதிவிட்டார். படித்தேன், கோபம் வரவில்லை. விருது ஹாரோவர் அலமாரியிலேயே இருக்கிறது. அவருக்குப் புதிய படமும் கிடைத்துவிட்டது.

எனக்கு யாரும் போன் செய்வதில்லை. பெரிய ஸ்டுடியோக்களில் என் பெயரைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறார்களாம். மாற்றட்டும். வாரத்தில் நான்கு நாள் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். ஆஸ்பத்திரி நர்ஸுகளைப் பற்றி ஒரு பெண் சின்னப் படம் எடுக்கிறாள், அதற்கு இசை நான். அவளிடம் இரண்டே நிபந்தனை போட்டேன். என் பெயர் மட்டும் வரவேண்டும், அதில் ஒவ்வொரு சுரமும் என்னுடையதாக இருக்கும். முதல் வாரம் முழுக்க ஒன்றும் வரவில்லை. பயந்துவிட்டேன். எட்டாம் நாள் வந்தது. உன்னுடையதைப்போல் நல்லதில்லை, ஆனால் நான் போட்டது.

என்னை மன்னித்தாயா? இதைக் கேட்காமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

உன்
வல்லியக்கா


பாறசாலை
3 மார்ச் 2024

அக்காவுக்கு,

நாங்கள் நலம். லிஷாவும் நானும் சேர்ந்து அந்த அட்டையைப் பார்த்தோம். அவள் நிறுத்தி நிறுத்தி நான்கு விநாடியை நாற்பது விநாடியாக்கிப் பார்த்தாள்.

கேட்டதற்குப் பதில்: இல்லை, மன்னிக்கவில்லை. பதினெட்டு வருடம் வாசித்ததை ஒரு வருடம் மேடைக்கு வெளியே வைத்தேன், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த மேசையில் நீ பேசியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதுகு நிமிர்கிறது. இரண்டும் இருக்கிறது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

பெருங்கடவிளைக்காரர்கள் இந்த வருடமும் கூப்பிட்டார்கள். நோட்டீஸில் 'ஹாலிவுட் புகழ் ஷீஜா' என்று அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். அதை அடித்துவிட்டு 'பாறசாலை ஷீஜா' என்று போட்டால் வருகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். புதிதாக அச்சடித்தார்கள்.

மேடை கட்டிக்கொண்டிருக்கும்போது பிபின் வந்தான். "சேச்சி, அண்ணைக்கு தெரியாம பேசிட்டேன், மனசுல வைக்காதீங்க" என்றான். நான் சொன்னேன்: "எனக்க காதுல சொல்லாத மக்கா. அண்ணைக்கு நீ மைக்குல பேசின. இண்ணைக்கும் மைக்குல பேசு." அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஏழு மணிக்கு ஏறி நின்று, "அந்தப் பாட்டு சேச்சிக்க பாட்டாக்கும். தப்பு எனக்க பேர்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினான். அதற்கும் கூட்டம் கூவிற்று, ஆனால் இந்தத் தடவை வேறு மாதிரி.

எல்லாரும் தேஷ்யம் வரும் என்று காத்திருந்தார்கள். வாசித்தேன், பழைய வேகத்தில். ஆனால் கடைசியாக, நன்றி சொல்லவேண்டிய நேரத்தில், வேறொன்று வாசித்தேன். போன மழைக்காலத்திலிருந்து கையில் கிடந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை. கோபமும் இல்லை, துக்கமும் இல்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஆறு நிமிடம். சேரை மடக்கத் தொடங்கினவர்கள் மறுபடி விரித்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

சுனில் ரெக்கார்டு செய்யவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். இதை யாருக்கும் அனுப்பமாட்டேன். சீசன் ஏப்ரல் முடியும்வரை உண்டு. டிக்கெட் எடுத்து வா. வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேள்.

ஷீஜா